கம்பில் பட்டதா? ஓம்

வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு கொடிகளோடு, இரண்டு கம்புகளுக்கு நடுவில் நான் நிற்கிறேன். ஒக்லாந்துத் தூறல். குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் தடிமன் வரும், அப்படி ஒரு மழை. சப்பாத்துக்குள் தண்ணீர் போய், காலுறை ஊறி, நின்ற இடத்திலேயே சளக் சளக் என்கிறது.

எனக்கு நேரே, மைதானத்தின் நடுவுக்குக் கொஞ்சம் இப்பால், கவிதா பந்தோடு நிற்கிறாள். எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருக்கிற திண்டுக்கல் பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை. என்னை அக்கா என்பாள்.

ஆட்டம் முடிந்ததற்கான ஹோர்ன் அடித்தாயிற்று. ஆனால் ஹோர்ன் அடிக்குமுன் பந்தை வானத்திலிருந்து ஏந்திப் பிடித்தவருக்கு ஒரு உதை பாக்கி உண்டு என்பது இந்த ஆட்டத்தின் சட்டம். அவள் பிடித்துவிட்டாள். அவளுடைய அணி ஒரே ஒரு புள்ளி பின்னால். இந்த உதை கோலுக்குள் போனால் வெற்றி. வெற்றி என்றால் அடுத்த குளிர்காலம் மெல்பேர்ன். கோலா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் நான்.

உதைத்துவிட்டாள். பந்து வருகிறது.

அது வந்துகொண்டே இருக்கட்டும். போன வாரம் இந்தப் பத்தியில் வந்த என் கார் லைசன்ஸ் கதையைப் படித்துவிட்டு, ஒக்லாந்தின் மாசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார், “உங்களை வெள்ளைக் கோட்டோடு ஒரு மைதானத்தில் பார்த்தேன், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டீர்களா?” என்று. விடவில்லை அம்மா. எக்ஸ்ரே எடுக்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு.

நாலு கம்பு, ஒரு முட்டைப் பந்து

இது ரக்பி இல்லை. நாம் கால்பந்து என்று சொல்கிறதும் இல்லை. ஆஸ்திரேலியாக்காரர் தங்களுக்கென்று வைத்திருக்கிற ஆட்டம், ஃபுட்டி என்பார்கள். பந்து முட்டை வடிவம். கையாலும் தட்டலாம், காலாலும் உதைக்கலாம், ஒருவர் முதுகில் முழங்காலை வைத்து எம்பிப் பிடிக்கவும் செய்யலாம். முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு அடிபிடி சண்டை மாதிரித்தான் தெரியும்.

ஒவ்வொரு பக்கமும் நாலு கம்பு. நடு இரண்டுக்குள் பந்து போனால் கோல், ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளிக்குள் போனால் பிஹைண்ட், ஒரு புள்ளி. நடுக் கம்பில் பட்டுப் போனாலும் ஒரு புள்ளிதான். கொஞ்சம் பிழைத்தாலும் வெறுங்கையோடு அனுப்பாத அந்தக் குணத்துக்காகவே எனக்கு இந்த ஆட்டத்தைப் பிடித்துப்போனது.

அந்த பிஹைண்ட் என்கிற சொல்லால் பட்ட பாடு கொஞ்சமில்லை. பயிற்சியின் தொடக்க நாட்களில் யாராவது “பிஹைண்ட்!” என்று கத்தினால், கவிதாவின் அணிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். எதிரணி அந்த இடைவெளியில் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சாமத்தியவீட்டிலிருந்து தப்பி வந்தவள்

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது மெல்பேர்னில். தம்பியின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. மண்டபத்தில் வீடியோக்காரர் பிள்ளையை நாற்பதாவது தடவையாகப் படியில் இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலையிடி. காற்று வாங்கப் பட்டுச்சேலையோடு வெளியே வந்தால், வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம். பெண்கள் சேற்றில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு மனிதர், ஒரு பக்கம் பப்புவா நியூகினி, மற்றப் பக்கம் எந்த நாடு என்று தனக்கே சரியாகத் தெரியாது என்றார்.

அதுதான் உலக நாடுகளுக்கான ஃபுட்டிப் போட்டி. மூன்று வருசத்துக்கு ஒருமுறை, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஃபுட்டி ஆடுகிற நாடுகள் மெல்பேர்ன் பக்கம் கூடும். அயர்லாந்து, ஜப்பான், அமெரிக்கா, பசிபிக் தீவுகள், எங்கள் நியூசிலாந்து. ஒரு காலத்தில் இந்தியாவும் வந்து போனது. முதலில் ஆண்கள் மட்டும், பிறகு பெண்களுக்கும் தனியாக வந்தது. இதில் பெரிய பகிடி என்னவென்றால், ஆட்டத்தின் சொந்தக்காரரான ஆஸ்திரேலியா அதில் ஆடுவதே இல்லை. ஆடினால் எல்லாரையும் தின்றுவிடும். விருந்துக்கு அழைத்துச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் பரிமாறுகிற வீட்டுக்காரி மாதிரி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. நீ எங்கே வேலை செய்கிறாய், எங்கே வரி கட்டுகிறாய் என்பது கணக்கில்லை. சின்ன வயதில் எந்த நாட்டில் வளர்ந்தாயோ அந்த நாட்டுக்குத்தான் ஆடலாம். விசா ஒஃபீசில் வருசக்கணக்காக நின்று களைத்தவளுக்கு, வளர்ந்த ஊரைப் பெரிதாகக் கேட்கிற ஒரு இடமும் உலகத்தில் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்குக் கம்புகளுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் நின்றாள். எங்கள் ஆஸ்பத்திரி ஆள் இங்கே என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். பந்து வந்தது. அவள் அசையாமல் பார்த்தாள். இரண்டு சுட்டுவிரலையும் முன்னால் நீட்டினாள், கோல். பிறகு இரண்டு கொடியை எடுத்து வீசினாள். அத்தனை பேரும் அவள் விரலுக்காகக் காத்து நின்றார்கள். ஓடவும் தேவையில்லை, விழவும் தேவையில்லை, சொன்னால் சொன்னதுதான். என் முழங்காலுக்கும் என் குணத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். மண்டபத்துக்குத் திரும்பிப் போனபோது சேலைக் கரையெல்லாம் சேறு. தம்பி பெண்சாதி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.

ஒக்லாந்துக்கு வந்து ஒரு கிளப்பைத் தேடிப் பிடித்து, கோல் அம்பயராகப் பழகினேன். இங்கே ரக்பிதான் ராசா. நாலு கம்பு நட்ட மைதானம் எங்கே இருக்கிறது? ரக்பி மைதானத்தில் பிளாஸ்டிக் குழாயை ஊன்றி வைத்து ஆடுவோம். காற்று அடித்தால் கம்பெல்லாம் ஆடும். பிறந்தது தொட்டு இந்த ஊரில் வளர்ந்த என் மகள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, “மம், யூ ஆர் சோ வியர்ட்” என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், பிறகு வரவேயில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. மெல்பேர்ன் போட்டி நின்றது. நின்றது நின்றதுதான். இனி வராது என்றே நினைத்திருந்தோம்.

எந்தக் கதைக்கா?

கவிதா எங்கள் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒரு நாள், நான் கொடியைத் தோய்த்துக் காயப்போடுவதைப் பார்த்துவிட்டு, கோயில் கொடியா என்று கேட்டாள். விளக்கினேன். சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு என்னோடு காரில் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் கபடி ஆடினவள். மாநில அணிக்கு எடுத்தார்களாம். வெளியூர்ப் போட்டி, பஸ்ஸில் போக வேண்டும், மூன்று இரவு தங்க வேண்டும். வீட்டில் பெட்டியைக் கட்டவிடவில்லை. பொம்பளைப் பிள்ளை என்ன ஊர் ஊராகப் போவது என்று முடித்துவிட்டார்கள். அணி போன பஸ் அவள் வீட்டுத் தெரு வழியாகத்தான் போனதாம். ஜன்னலிலிருந்து பிள்ளைகள் கைகாட்டினார்களாம்.

“ஆடணும்னுகூட இல்லக்கா. ஒரு டீமோட சேர்ந்து, பையைத் தூக்கிக்கிட்டு, ஒரு தடவை வெளியூர் போகணும். அவ்வளவுதான்” என்றாள். இவளைப் போகவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் கச்சை கட்டிக்கொண்டேன்.

இங்கே இருக்கிற இந்தியப் பெண்களைச் சேர்த்து, இந்தியாவின் பெயரில் அணி ஒன்று உண்டானது. பாதிப் பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பயிற்சி கொடுத்தவர் “டாக்! டாக்!” என்று கத்திக்கொண்டே இருப்பார். ஆடும்போது ஒருவருக்கொருவர் குரல் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். நான் கரையில் நின்று உதவி செய்கிறேன் என்று நினைத்து, அதையே எங்கள் ஊர்த் தமிழில், “கதையுங்கோ பிள்ளைகள், கதையுங்கோ!” என்று கத்தினேன்.

கவிதா பந்தோடு அப்படியே நின்றுவிட்டாள். “எந்தக் கதைக்கா?”

அதிலிருந்து எனக்கும் அவர்களுக்கும் பகிடிதான். நான் ஓம் என்றால் கையைக் கூப்பிக் கண்ணை மூடுவார்கள். “அக்கா பூஜையை ஆரம்பிச்சுட்டாங்க” என்பாள் கவிதா. ஆமா என்று ஒழுங்காகச் சொல்லிப் பழகுங்கள் என்பாள். உன்ர ஆமாவை நீயே வைச்சிரு, இது நான் பிறந்ததிலிருந்து வாயில் ஊறின சொல் என்பேன் நான்.

ஆனால் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. சும்மா தோற்பது அல்ல, வாரிக்கட்டித் தோற்பது. தோற்றுவிட்டு வந்து எங்கள் வீட்டுக் குசினியில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு, அடுத்த தடவை பார்ப்போம் என்பார்கள். எனக்குத்தான் ஆத்திரம் வரும், அவர்களுக்கு வராது.

அப்படியிருக்கத்தான் செய்தி வந்தது. மெல்பேர்னில் பழைய போட்டியைப் போல ஒன்றைத் திரும்பவும் நடத்தப்போகிறார்களாம், அடுத்த குளிர்காலத்தில். எங்கள் பக்கத்துப் பெண்கள் அணிகளுக்கு ஒக்லாந்தில் ஒரு சின்னச் சுற்று. கடைசி இடத்துக்கு ஃபிஜியும் எங்கள் பிள்ளைகளும் மோத வேண்டும். வென்றவர் மெல்பேர்ன். தோற்றவர் வீடு.

அந்த ஆட்டத்துக்கு ஒரு கோல் அம்பயர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆளில்லை. நான் ஏற்பாட்டாளரிடம் முன்னமே சொன்னேன், கவிதா என் வீட்டில் இருக்கிற பிள்ளை என்று. ஃபிஜி அணியின் தலைவியிடம் கேட்டார்கள். அவள் நல்ல உயரமும் அதற்கேற்ற சிரிப்பும் உள்ள பெண். “அவவுக்குக் கண் தெரியுமா? தெரிந்தால் எங்களுக்குப் போதும்” என்றாளாம். அந்தச் சொல் எனக்குள் ஊசி மாதிரி ஏறி நின்றது.

பந்து வந்து சேர்ந்தது

இப்போது அந்தப் பந்துக்கு வருவோம்.

நல்ல உதை. நேரே வந்தது. நானும் சாமி கும்பிட்டேன், பொய் சொல்லமாட்டேன். கடைசி நேரத்தில் காற்றுத் தள்ளியது. என் வலப்பக்கத்துக் கம்பின் உச்சியில், டொக். சின்னச் சத்தம், யாரோ நகத்தால் சுண்டின மாதிரி. பந்து ஒரு மயிரிழை திரும்பி உள்ளே விழுந்தது.

கம்பு ஆடியது. ஆனால் அன்றைக்குக் காற்றில் எல்லாக் கம்பும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

நடு அம்பயர் கிரெக் ஓடி வந்தார். தொழிலில் பிளம்பர், தங்கமான மனிதர். என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார், கம்பில் பட்டதா என்று.

“ஓம்” என்றேன்.

பதற்றம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும், அதுவும் ஊர்த் தமிழ்தான் வரும். ஆனால் இங்கிலீஷ்காரர் தெரியாமல் தடுமாறும்போது ஒரு ‘அம்ம்’ போடுவார்களே, அவர் காதில் அதுதான் விழுந்திருக்கிறது. என் தோளில் தட்டினார். பரவாயில்லை, உனக்குத் தெளிவில்லை என்றால் நான் சொல்கிறேன், என் பக்கத்திலிருந்து சுத்தமாகப் போனது, கோல்தான் என்றார். கையைத் தூக்கப்போனார். அவர் கை தூக்கினால் நான் இரண்டு விரலை நீட்ட வேண்டும். அதோடு கதை முடிந்தது.

கம்புகளுக்குப் பின்னால் எங்கள் சனம் நின்றது. யாழ்ப்பாணம், தமிழ்நாடு, மலேசியா, எல்லாரும். நான் சொன்னது அவ்வளவு பேருக்கும் கேட்டது, அவ்வளவு பேருக்கும் விளங்கியது. விளங்காதது கிரெக்குக்கும் ஃபிஜிக்கும் மட்டும்தான். ஒரு சத்தமில்லை. அவ்வளவு தமிழர் கூடி நின்று அப்படி ஒரு அமைதியை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை.

என் வீட்டுக்காரர், தேத்தண்ணிப் போத்தலோடு நின்றவர், மெல்லச் சொன்னார்.

“சாந்தி, பேசாமல் நில்லும்.”

கவிதா ஓடி வந்து, கொஞ்சத் தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள். முகமெல்லாம் சேறு. என்னையே பார்த்தாள். அந்த பஸ் என் கண்ணுக்குள் வந்து போனது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கிரெக்கில் கோபமில்லை, இவரில் கோபமில்லை, அந்தப் பிளாஸ்டிக் கம்பில் கோபம். ஒரு விரற்கடை தள்ளி ஊன்றியிருக்கக் கூடாதா? ஆனால் எக்ஸ்ரே அறையில் எலும்பு உடைந்திருந்தால் உடைந்ததுதான். பார்க்கிறவர் சொந்தக்காரர் என்பதற்காக அது ஒட்டாது. அதோடு, கண் தெரிந்தால் போதும் என்று சொன்னவள் பத்தடி தள்ளி நிற்கிறாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

“நோ. யெஸ். போஸ்ட்” என்றேன்.

இந்த நாட்டுக்காரர் வாயைத் திறந்தாலே ‘யெஹ், நா’ என்று ஆமும் இல்லையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். அதனாலோ என்னவோ கிரெக்குக்கு உடனே விளங்கிவிட்டது. முதலில் சொன்னதும் அதுதானா என்று கேட்டார். ஓம் என்றால் யெஸ், எங்கள் பாஷை என்றேன். கையை இறக்கினார். நான் ஒரு விரலை நீட்டினேன். பிறகு ஒற்றைக் கொடியை எடுத்து வீசினேன். கொடி ஈரத்தில் பாரமாக இருந்தது.

யாரும் நினைக்காத ஒன்று

ஒரு புள்ளி. அதாவது சமம்.

வென்றால் இது, தோற்றால் அது என்று எல்லாம் எழுதி வைத்தவர்கள், சமமானால் என்ன என்று எழுதவில்லை. எங்கள் பிள்ளைகள் தோற்கிற தோல்வியைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு யோசனை எப்படி வரும்? மேலதிக நேரம் ஆடவும் வழியில்லை, அடுத்த ஆட்டக்காரர் சப்பாத்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார்கள். ஏற்பாட்டாளர்கள் கூடாரத்துக்குள் போய்க் கதைத்தார்கள். போனில் கதைத்தார்கள். திரும்பவும் கூடாரத்துக்குள் போனார்கள்.

எங்கள் சனத்தில் சிலர் என்னைக் கண்டும் காணாத மாதிரி நடந்தார்கள். ஒரு மனுசி எனக்குக் கேட்கட்டும் என்றே, நேர்மையை வைச்சுக் கறி காய்ச்சுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனா. நான் கொடியைப் பிழிந்துகொண்டிருந்தேன். கவிதா தள்ளிப் புல்லில் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் திரும்பவேயில்லை. அது வலித்தது.

ஃபிஜித் தலைவி நேரே கூடாரத்துக்குள் போனதைப் பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று கிரெக் பிறகு சொன்னார். அவர்களை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை, அந்த அம்பயர் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் நாங்கள்தான் வீட்டுக்குப் போயிருப்போம், இரண்டு அணியையும் கூப்பிடுங்கள், ஒரு ஆட்டம் கூடினால் என்ன குறைந்துவிடும் என்றாளாம்.

மெல்பேர்னிலிருந்து பதில் வர ஒரு தேத்தண்ணி நேரம் எடுத்தது. இரண்டு அணியும் வரலாம்.

பிள்ளைகள் கத்திய கத்தலில் அடுத்த ஆட்டமே நின்றுபோனது. ஃபிஜித் தலைவி கவிதாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிவிட்டாள். இவர் தேத்தண்ணிப் போத்தலோடு ஓடித் திரிந்து, அறிந்தவர் அறியாதவர் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். பேசாமல் நில்லும் என்று சொன்ன வாய் அதுதான். எனக்கு அழுகை வந்தது. தூறலில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

கவிதா மட்டும் அப்போதும் என்னிடம் வரவில்லை.

சிவப்பு விளக்கு

இவர் மரக்கறி வாங்க சான்ட்ரிங்ஹாம் கடைக்குத் தன் காரில் போய்விட்டார். கவிதா வழமைபோல என் காரில் ஏறினாள். ஹீட்டரைப் போட்டேன். கண்ணாடியெல்லாம் புகை பிடித்தது. அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் ஆறட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் என்பது எனக்கே புதுச் செய்தி.

த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதிக்குக் கிட்ட சிவப்பு விளக்கு விழுந்தது.

“அக்கா.”

“ம்.”

“பந்து கம்புல பட்டுத் திரும்புனத நானும் பார்த்தேன்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அவர் கோல்னு சொன்னப்ப நீங்க எதுவும் சொல்லாம இருந்திருந்தா, நானும் சும்மாதான் இருந்திருப்பேன். அதான் உங்க மூஞ்சியப் பார்க்க முடியல.”

கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, விசரி நான். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது பரவாயில்லாத விசயம் அல்ல. அவளாகச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒரு நாளும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

“உண்மையாவே சும்மா இருந்திருப்பியோ?” என்று கேட்டேன்.

நீட்டி முழக்கி ஒரு ஆமா வரும் என்று பார்த்தேன். அவள் நிமிர்ந்து, நேரே என் முகத்தைப் பார்த்தாள்.

“ஓம்” என்றாள்.

கையும் கூப்பவில்லை, கண்ணையும் மூடவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.